ஆம்பூரில் நிற்காத வண்டி

ஜூரிச்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

இந்நகரை அடுத்துள்ள ஷ்லீரன் என்னும் ஊரில், இரயில் பெட்டிகளும் மின்தூக்கிகளும் செய்துவந்த பெரிய தொழிற்சாலையொன்று இருந்தது. 1985-இல் அது மூடப்பட்டது. அவ்வளாகத்தில் இன்று உயிரியல் ஆராய்ச்சிக் கூடங்கள் நடக்கின்றன. ஆம்பூர்க்காரனுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். இரயில் பெட்டித் தொழிற்சாலை, ஷ்லீரன் கம்பெனியாரின் வரைபடங்களைக் கொண்டே தன் முதற்பெட்டிகளைச் செய்தது. மாதிரிச் செருப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு, ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னையிலுள்ள ஏற்றுமதிக்காரரைக் காணப்போன நம்மவர்கள், குறுக்குக் கம்பியிட்ட ஜன்னலோரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பிரயாணம் செய்ததெல்லாம் அந்த வம்சத்துப் பெட்டிகளில்தான்.

நம் பக்கத்துக்கும் இரயிலுக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்துசேர்ந்த இடமே வாலாஜா ரோடுதான். பிற்காலத்தில் காட்பாடியும் ஜோலார்பேட்டையும் பெரிய சந்திப்புகளாயின.

இம்மடலில் நான் சொல்லவந்தது சுதான்ஷு மணி என்னும் இரயில்வே அதிகாரியின் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி. இயந்திரவியல் பிரிவைச் சேர்ந்த அவர், பெங்களூரில் கோட்ட மேலாளராகவும், பெர்லினில் நமது தூதரகத்தில் இரயில்வே அலுவல்களைக் கவனிப்பவராகவும் இருந்து, 2016-இல் ஐ.சி.எஃப்.-இன் பொது மேலாளராக வந்தார். அப்போது ஓய்வு பெற இரண்டாண்டுகளுக்குச் சற்றே அதிகமான காலம் மிச்சமிருந்தது. பெரும்பாலோர் வம்புதும்பு இல்லாமல் கோப்புகளை நகர்த்திவிட்டு மாலை மரியாதையோடு வீடு திரும்ப விரும்பும் அந்தப் பருவத்தில், எஞ்சின் தனியே இல்லாமல் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்களை அமைத்து ஓடும் விரைவு வண்டியை, அந்நிய தேசத்திலிருந்து வாங்காமல் பெரம்பூரிலேயே செய்துகாட்டுகிறோம் என்று அவர் இரயில்வே வாரியத்தாரிடம் வாதாடி அனுமதி பெற்றார். பதினாறு பெட்டிகள் கொண்ட அவ்வண்டி ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்ச் செலவில், பதினெட்டு மாத காலத்தில் உருவாகி, 2018-இல் நடந்த சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஷ்லீரன் வம்சத்தின் கடைசிப் பெட்டி அத்தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதும் அதே ஆண்டில்தான்.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றார். ‘வந்தே பாரத்’ என்று நாமகரணம் செய்யப்பெற்ற அவ்வண்டி, டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. அவருடன் உழைத்த அதிகாரிகள் சிலர் விசாரணைக்கு ஆளாகி, பின்னர் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டார்கள். துணிந்து காரியம் செய்தவருக்கு விசாரணையும், செய்யாதிருந்தவருக்கு நிம்மதியும் கிடைக்கும் ஸ்தாபனத்தில், துணிவு அபூர்வமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

2022 நவம்பர் முதல் மைசூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் வந்தே பாரத் நமது தோல் பதனிடும் ஷாப்புகளின் வழியாகத்தான் போகிறது. ஆனால் காட்பாடியில் நிற்குமேயன்றி ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நிற்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லி அழுவதற்கில்லை. நெடுந்தூர விரைவு வண்டி ஊருக்கு ஊர் நின்றால் விரைவு வண்டியாகாது. நான் கேட்பது வேறு. பெட்டிகளுக்கு அடியில் மோட்டாரை வைப்பதன் முக்கியப் பலன், நின்ற வண்டி சட்டென்று வேகம் பிடிப்பது. அப்படியானால் அதன் தேவை அடிக்கடி நிற்கும் வண்டிக்கே அதிகம். புறநகர் மின்சார வண்டிகளை அம்முறையில் ஐ.சி.எஃப். பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. விடியற்காலையில் பிளாட்பாரத்தில் காத்திருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் முண்டியடித்து ஏறும் தொழிலாளிக்கும் மாணவனுக்கும், அதே சாமர்த்தியத்தைக் கொண்டு, உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் உள்ள வண்டிகளை ஏராளமாகச் செய்துதருவதற்கு விஞ்ஞானத்தில் தடையேதும் இல்லை. ஓய்வுக்கு இரண்டாண்டு மிச்சமிருக்கும் இன்னொரு பொது மேலாளர் அதற்காக வாதாட முன்வரவேண்டும்; அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் ஆம்பூர் நண்பன்