தேயிலைச் செடி சன்னத்தைத் தடுக்காது

தேயிலைச் செடிக்குப் பின்னால் படுத்துக்கொண்டால் ஆள் தெரியாது. அந்தச் செடியால் அவ்வளவுதான் முடியும். 303 ரைபிளின் சன்னம் குழலை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் விநாடிக்கு 740 மீட்டருக்குக் கிட்ட. கவாத்து வெட்டித் தடித்த கிளை என்றாலும் சரி, இளங்கொழுந்து என்றாலும் சரி, அது நின்று பார்க்காது. இதை நான் பதினேழு வயதில்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் பிறந்து, தேயிலை மலைக்குள் ஒளிந்து விளையாடியே வளர்ந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி.

1968ஆம் ஆண்டு. கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பில் இருந்தேன். அப்பா ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. நான் கெடட் என்ற மாணவர் படையில் சேர்ந்தது நாட்டுப்பற்றால் என்று சொன்னால் பொய்யாகிவிடும். துவக்கைக் கையால் தொட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். எங்கள் தோட்டத்தில் துவக்கு வைத்திருந்தவர் துரை ஒருவர்தான். பன்றி சுட அவர் இறங்கி வரும்போது லயத்து ஆட்கள் எல்லோரும் வழிவிட்டு ஓரமாக நிற்பார்கள். அப்பாவும் நிற்பார். கையில் துவக்கு இருப்பவன் யாருக்கும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்று சின்ன வயதிலேயே என் மனதில் பதிந்துவிட்டது. அந்த நினைப்போடுதான் காக்கி உடுப்பைப் போட்டேன்.

எங்களுக்குப் பயிற்சி தந்த சார்ஜன்ட் ஒரு மலாய்க்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படையில் சேர்ந்தவர். கண்டிப் பகுதி மலாய்க் குடும்பங்களுக்குப் படைத்தொழில் பரம்பரையாக வந்தது. 1873இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படைப்பிரிவில் பெரும்பாலும் அவர்களுடைய முன்னோர்களே இருந்தார்கள். எங்களோடு தமிழிலும் மற்றப் பையன்களோடு சிங்களத்திலும் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

உண்மையான ரவை போட்டுச் சுட்டது சூட்டுத்திடலில் மட்டும்தான். அதுவும் தரையில் படுத்தபடி, 22 ரைபிளால். மலையில் ஓடி ஒளிந்து பழகியதெல்லாம் வெறுந்துவக்கோடு. வெறுந்துவக்கு என்பதற்காக அதன் வாயை ஒருவன் பக்கம் திருப்பிவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி கிடையாது. பையன்களின் சப்பாத்துகளைத் துடைக்க உட்கார வேண்டும். ஓடும்போது விரல் விசையில் இருக்கவே கூடாது. இந்த இரண்டில் அவர் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

முதல் நாள் எங்களை ஹந்தானைச் சரிவில் கலைந்து ஒளியச் சொன்னார். எனக்கு இது சொந்த வீடு மாதிரி. நல்ல அடர்த்தியான செடியாகப் பார்த்துப் பின்னால் படுத்தேன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒன்னய எனக்குத் தெரியல்ல. ஆனா நீ ஓடிவந்து இதுக்குள்ள விழுந்தத பாத்துட்டேன். செடிக்கு நடுவுல ஒரு வெடி வெச்சா முடிஞ்சிச்சே?"

நான் பேசாமல் இருந்தேன்.

"இந்த மலையில வெடி பூராத எடம் எது, சொல்லு பாப்பம்."

சுற்றிப் பார்த்தேன். பாறை. அணைகட்டிய கல்வரிசை. பிறகு கான். மண் கழுவிப் போகாமல் இருக்கத் தேயிலை மலையில் குறுக்காக வெட்டும் வாய்க்காலை நாங்கள் கான் என்போம். முழங்கால் ஆழம் இருந்தாலும் அதற்குள் நீட்டிப் படுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது முழு மலையின் மண். "கான், சேர்" என்றேன். அவர் சிரித்தார். "தோட்டத்துப் புள்ளதான்" என்றார். எத்தனையோ பேர் அதே சொல்லை என்னிடம் வேறு தொனியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னது மட்டும் மெடல் குத்தியது போல் இருந்தது.

அதற்குப் பிறகு கற்றதெல்லாம் அந்த ஒரு பாடத்தின் விரிவுதான். பாறைக்கு மேலால் தலையைத் தூக்கிப் பார்க்காதே, பக்கத்தால் பார். மேலால் பார்த்தால் வானத்தின் பின்னணியில் தலை கறுப்பாக எழும்பி நிற்கும். வலக்கைக்காரன் பாறையின் வலப்பக்கத்தால் சுட்டால் தோளும் பாதி முகமும் மட்டும்தான் வெளியே தெரியும். இடப்பக்கத்தால் சுடப்போனால் உடம்பு முழுவதும் வெளியே வந்துவிடும். துவக்கைத் தோள் மாற்றலாம் என்றால் 303இன் போல்ட் பிடி வலப்பக்கம் இருப்பதால் அதை இழுத்துத் தள்ளுவது பெரும்பாடு. ஆகவே எந்தப் பாறை என்று தேர்ந்தெடுக்கும்போதே அதன் எந்தப் பக்கம் என்பதையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பாறையோடு ஒட்டிப் படுக்கவும் விடமாட்டார். சன்னம் கல்லில் பட்டால் கல்சில்லுகள் தெறிக்கும். சுவரில் சாய்வாகப் பட்டால் அந்தச் சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு கை நீளமாவது பின்னால் இரு என்பார். பயந்தவனுக்கு இது முடியாத காரியம். பயம் வந்தால் உடம்பு தானாகவே கல்லைக் கட்டிப்பிடிக்கத்தான் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இன்னொன்று. ஒருநாள் பாறை விளிம்பால் எட்டிக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த சவுக்கு மரம் துப்புரவாகத் தெரிந்தது. சார்ஜன்ட் பக்கத்தில் குந்தி, ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக் குழலின் வாயோடு சேர்த்து நீட்டினார். ஈர்க்கு பாறையில் முட்டியது. குறிபார்க்கும் கண் குழலுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு வழி திறந்திருக்கும். குழலுக்கு வழி அடைத்திருக்கும். நான் சுட்டிருந்தால் என்னைக் காக்கும் கல்லையே சுட்டிருப்பேன், சில்லுகள் என் முகத்துக்கே வந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் நமக்கு வழியாகிவிடாது என்று அன்று அவர் விளக்கம் சொல்லவில்லை. ஈர்க்கை என் கையில் தந்துவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார்.

பிறகு ஓட்டம். எழுந்து, ஓடி, மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் அடுத்த மறைவில் விழ வேண்டும். எதிரி உன்னைக் கண்டு, துவக்கைத் திருப்பி, குறிவைக்க எடுக்கும் நேரம் அவ்வளவுதான். விழுந்த இடத்திலேயே எழும்பக் கூடாது. அவன் துவக்கு அந்த இடத்தில் காத்திருக்கும். ஊர்ந்து தள்ளிப் போய் வேறிடத்தால்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி: அடுத்து எங்கே போகப்போகிறாய் என்று தெரியாமல் இருக்கும் இடத்தை விட்டு அசையாதே.

அந்த ஓட்டத்தைத் தனியாக ஓட முடியாது. ஒருவன் ஓடும்போது மற்றவன் சுட்டு எதிரியின் தலையைக் கீழே வைக்க வேண்டும். எனக்குச் சோடியாக வந்தவன் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த சிங்களப் பையன். அவன் தயாரானதும் "துவப்பங்!" என்று கத்துவான். ஓடு என்று அர்த்தம். அந்தக் குரல் வரும்வரை எழும்ப மாட்டேன். வந்துவிட்டால் யோசிக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேரின் துவக்கும் வெறுமை, எதிரே எதிரியும் இல்லை. ஆனாலும் இன்னொருவனுடைய குரலை நம்பி வெட்டவெளிக்குள் இறங்கும் பழக்கம் உண்மையாகவே உடம்பில் ஊறிவிட்டது.

ஒரு சனிக்கிழமை கன்னொருவைக் குன்றுக்குக் கூட்டிப்போனார். கீழே மகாவலி, ஆற்றுக்கு அப்பால் பேராதனைப் பூங்கா. 1638 மார்ச் 28இல் போர்த்துக்கேயப் படை அழிந்த இடம் அது. தளபதி தியோகோ டி மெலோ கண்டி நகரத்துக்குள் புகுந்தபோது நகரம் காலியாக இருந்தது. அதை எரித்துவிட்டுத் திரும்பி இந்தக் குன்றில் தங்கினார். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மரங்களை வெட்டி வழிகளில் சாய்த்து அடைத்தார்கள். குன்றில் தண்ணீர் கிடையாது. கூட வந்த லஸ்கரீன்கள் என்ற உள்ளூர்ச் சிப்பாய்கள் மன்னன் பக்கம் போய்விட்டார்கள். தளபதியும் அங்கேயே இறந்தார். உயரமான இடம், நல்ல பார்வை, கையில் துவக்குகள் எல்லாம் இருந்தன. அங்கிருந்து போக அடுத்த இடம் மட்டும் இருக்கவில்லை. சரித்திர வகுப்பில் இந்தப் போரை நான் படித்திருந்தேன். அந்தக் குன்றின் சரிவில் வயிற்றால் ஊர்ந்த பிறகுதான் அது புரிந்தது.

பிறகு நான் படையில் சேரவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் என் வயதுப் பையன்கள் வேட்டைத்துவக்குகளோடு காட்டுக்குள் போய் மடிந்தார்கள். துவக்கின் மேல் இருந்த ஆசை அந்த ஆண்டோடு போயிற்று. ஆசிரியரானேன். 1983 ஜூலையில் பேராதனை வீதியில் தமிழர் கடைகள் எரிந்தபோது எங்களைத் தங்கள் பின்னறையில் வைத்துக் காத்தது ஒரு சிங்களக் குடும்பம். அந்த நாட்களில் சார்ஜன்ட் கற்றுத் தந்த எதுவும் உதவவில்லை.

உதவியது 1989இல், இரண்டாவது கிளர்ச்சியின்போது. அந்த ஆண்டின் கண்டியை இருந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை வைத்திருந்தார்கள். இரவில் வெடிச்சத்தம் கேட்காத வாரம் இல்லை. நாங்கள் மகியாவைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். ஓரிரவு சத்தம் எங்கள் வீதியிலேயே கேட்டது. மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போனாள். எவரும் அப்படித்தான் செய்வார்கள். அலுமாரி தேயிலைச் செடியின் அண்ணன். ஆளை மறைக்கும், சன்னத்தை மறிக்காது. நான் எல்லோரையும் குசினிக்குக் கூட்டிப்போனேன். கண்டியில் பல வீடுகள் மலைச்சரிவை வெட்டிக் கட்டியவை. எங்கள் குசினியின் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியிருந்தது. வீதிக்கும் குசினிக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர்கள். தரையோடு தரையாகப் படுக்க வைத்தேன்.

அப்போதுதான் வெளியே காலடி கேட்டது. மூன்று விநாடி ஓட்டம், நிற்றல். மறுபடி ஓட்டம், நிற்றல். ஓடுபவன் பழகியவன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனுக்காகச் சுட யாரும் இருக்கவில்லை. "துவப்பங்" என்று சொல்ல ஒரு குரல் இல்லை. கடைசியாக எங்கள் வளவுக்குள் விழுந்து, மதிலுக்குப் பின்னால் நின்றான். அந்த மதில் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லால் கட்டியது. அது தாங்காது என்று எனக்குத் தெரியும். கத்திச் சொல்லியிருக்கலாம். குசினிக் கதவைத் திறந்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. மகளின் வாயைக் கையால் பொத்தியபடி படுத்திருந்தேன். வெடிகள் விழுந்தன. பிறகு காலடி ரயில் பாதைப் பக்கம் போனது.

காலையில் மதிலைப் பார்த்தேன். வீதிப் பக்கம் விரல் நுழையும் துளைகள். எங்கள் பக்கம் சீமெந்து உதிர்ந்து உள்ளங்கை அகலம். இரத்தம் இல்லை. அவன் ஆமிக்காரனா, கிளர்ச்சிக்காரப் பையனா, இரண்டுமில்லாத ஒருவனா, யாராக இருந்தாலும் அந்த இரவில் அவன் என் சோடி. அவனுக்கு நான் குரல் கொடுக்கவில்லை. பிள்ளைகளோடு மறுபடி அதே தரையில் படுத்திருந்தால் மறுபடியும் கதவைத் திறக்க மாட்டேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது, இந்த அறிவெல்லாம் இனி எதற்கு என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றான். வீதியில் வெடிச்சத்தம் கேட்டால் இப்போது மக்கள் கைபேசியோடு ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். சினிமாவில் கதாநாயகன் மேசையைக் கவிழ்த்து அதற்குப் பின்னால் தப்புகிறான். பிள்ளைகள் அதை உண்மை என்று நம்புகிறார்கள். கார்க் கதவு ரைபிள் சன்னத்தைத் தடுக்காது. எஞ்சினும் சில்லும் இருக்கும் பக்கம்தான் ஓரளவு காக்கும். பலகைத் தட்டி, அஸ்பெஸ்டஸ், தகரம் எதுவும் உதவாது. மண் காக்கும், தடித்த கருங்கல் காக்கும், நிறைய மணல் காக்கும். சத்தம் ஓய்ந்த உடனே எழும்பி வெளியே போவது, விழுந்த இடத்திலேயே தலையைத் தூக்குவதற்குச் சமம்.

இந்த நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு சரியானது, தளரக் கூடாது. சுடக் கற்பவர்கள் சிலராகவே இருக்கட்டும். எது தன்னைக் காக்கும், எது மறைக்க மட்டும் செய்யும் என்பதை எல்லோரும் கற்க வேண்டும். மாணவர் படையணியினர் இன்று ரந்தம்பையில் பெறும் பயிற்சியில் இந்த ஒரு பாடத்தைச் சீருடை போடாத பிள்ளைகளுக்கும், அவரவர் தாய்மொழியில், சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய முடியும். அதற்கு ஒரு துவக்கும் தேவையில்லை, ஒரு மத்தியானம் போதும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது என்பதை இன்றைக்கே பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.