ஏலக்காய் வழியாக வந்த ஸ்பானிஷ்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் குவாத்தமாலா. உலகச் சந்தைக்கு நம்மைவிட அதிகமாக ஏலக்காய் அனுப்பும் நாடு அது. சுமார் நூறாண்டுக்கு முன் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து விதை கொண்டுபோய் ஊன்றியது, இன்று அங்கே மலை மலையாக விளைகிறது. விளைவிக்கிறவர்கள் அதைச் சமையலில் சேர்ப்பதுகூட அபூர்வம். பெரும்பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. வெளிநாடு போகும் நம் காய்க்கும் அந்தச் சந்தைதான் பெரிய சந்தை. ஆகவே அங்கே பேய்மழை பெய்தால் ஏலம் நடக்கும் புத்தடியிலும் போடியிலும் விலை அசையும்.

அந்த மழையைத் தெரிந்துகொள்ளத்தான் செல்போனில் குவாத்தமாலா செய்திகளைப் பார்க்கத் தொடங்கினேன். மொழிபெயர்த்துத் தரும் செயலி பாதி நேரம் உளறும். மீதியை நானாகக் கற்றுக்கொண்டேன். மழைக்காலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது ‘தெர்ரும்பே’. மலை சரிந்தாலும் கட்டடம் விழுந்தாலும் அதே சொல். அதன் வினைவடிவத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் போடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் மழையில் சுவர் இடியும். மகளைக் கொடுத்த இடம் சரியில்லை என்றால் அப்பன் இடிஞ்சு போய் உட்கார்ந்துவிடுவான்.

2020 நவம்பர் 5 அன்று, ஏட்டா புயல் மழையில் குவாத்தமாலாவின் அல்தா வெராபாஸ் பகுதியில் உள்ள கெஹா என்ற மலைக்கிராமத்தின் மேல் மண் சரிந்தது. ஏலக்காய் விளையும் வட்டாரம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். சில உடல்களே கிடைத்தன. பிறகு தேடுதலை நிறுத்திவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் போகோம்சி மாயா மக்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குமே வந்த மொழிதான். அவர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பது நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.

இங்கே கடைத்தெருவில் பேச்சு வேறாக இருந்தது. “குவாத்தமாலா போச்சுண்ணே, இனி நம்ம காய்க்கு ஏறும்” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. வியாபாரத்தில் அடுத்தவன் மழை நமக்கு விலை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்புதான் பெட்டிமுடி நிலச்சரிவு நடந்திருந்தது.

ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பக்கம், தேயிலைத் தொழிலாளர்களின் நான்கு லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மலை வழித்துக்கொண்டு போனது. 70 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லோரும் தமிழர்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் போன் தொடர்பும் அற்றுப்போனதால் விடிந்த பிறகுதான் வெளியே செய்தி தெரிந்தது. போடியில் அன்று யாரும் தேயிலை என்ன விலைக்குப் போகும் என்று பேசவில்லை. பெட்டிமுடிக்கு விலை பேசாத வாய் கெஹாவுக்குப் பேசியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டு இடத்திலும் செத்தது மலையை நம்பிப் பிழைத்த ஏழைகள். இரண்டு இடத்திலும் அவர்கள் குடியிருந்தது சரிவின் அடியில்.

நமக்கும் அந்த ஆபத்து தூரத்தில் இல்லை. போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுப்பு சூடுபிடிக்கும் ஆகஸ்டில்தான் தென்மேற்குப் பருவமழையும் மலையைக் கரைக்கிறது. போடிமெட்டுப் பாதையில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது இங்கே யாருக்கும் புதுச்செய்தி இல்லை. பாதை திறந்த மறுநாளே ஜீப்பும் கிளம்பிவிடும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லையே!

தோட்டக்காரர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் ஜீப்பை அனுப்பாதீர்கள், அன்றைய கூலியையும் பிடிக்காதீர்கள். விளைச்சல் கணக்கில் அந்தச் செலவு ஒரே ஒரு வரி. கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன்.