டேப் வைத்து அளக்க முடிந்த ரேஸ் கார்

மதுரை காளவாசலில் கார் வேலை தெரிந்த ஆளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. 1910-களில் மதுரையில் பஸ் விட ஆரம்பித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி இந்த ஊருக்கு பஸ்ஸை மட்டும் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகளையும் கொடுத்தது. அங்கே வேலை பழகியவர்கள் வெளியே வந்து பட்டறை போட்டார்கள். அவர்களிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவர்கள் பைபாஸ் ரோட்டுச் சந்துகளில் தங்கள் பட்டறையைப் போட்டார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஃபேன் பெல்ட் வேண்டுமென்றால் அது செய்கிற ஃபென்னர் கம்பெனியே பக்கத்துக் கோச்சடையில் இருந்தது.

ஆனால் எங்கள் கை பழுது பார்க்கிற கை. தொழிற்சாலையிலிருந்து கார் எப்படி வந்ததோ அப்படியே அதைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல வேலைக்காரன் என்று பெயர். காரை முதலிலிருந்து கட்டுவது என்பது வேறு யாரோ, வேறு எங்கோ செய்கிற காரியம். இந்த எண்ணத்தைத் தமிழ்நாட்டில் உடைத்தவர் என்று நான் ஒருவரைத்தான் சொல்வேன். கோயம்புத்தூர் சுந்தரம் கரிவர்தன். ரேஸ் உலகத்தில் எல்லோருக்கும் அவர் கரி.

லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1954-இல் பிறந்தவர். பணக்கார வீட்டுப் பையன் ரேஸ் ஓட்டுவது ஆச்சரியமில்லை. சோழவரத்தில் ஓட்டியவர்களில் வசதி உள்ளவர்களே அதிகம். கரியும் நன்றாக ஓட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். அவர் கோவையில் பட்டறை வைத்து ரேஸ் கார்களை வடிவமைத்தார், கட்டினார், மற்றவர்கள் வாங்கி ஓட்டுகிற விலையில் கொடுத்தார். 1995-இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். நாற்பது வயதை அப்போதுதான் தாண்டியிருந்தார். அவரோடு நான் பேசியதில்லை. அவருடைய கார்களோடு பேசியிருக்கிறேன். மெக்கானிக்குக்கு அதுவும் பழக்கம்தான்.

சோழவரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ரேஸுக்கென்று கட்டிய தடமில்லை. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கே ரேஸ் நடத்தியது. ஃபியட், ஹெரால்டு எல்லாம் குடல் உருவப்பட்டு, புகைபோக்கி மாற்றப்பட்டு ஓடும். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அந்தச் சத்தத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். ஆனால் அந்தக் காரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மெக்கானிக் மறுநாள் தன் பட்டறையில் அதை வைத்து என்ன செய்ய முடியும்? அதன் ஒரு போல்ட்டுக்கு மாற்று போல்ட் இந்த நாட்டில் கிடைக்காது. இறக்குமதிக்குப் பூட்டு போட்டிருந்த காலம் வேறு. பார்த்து வாயைப் பிளப்பதோடு கதை முடிந்தது.

கரி போன வழி வேறு. 1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக, குறுக்குவாட்டில், முன்சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டை அப்படியே இறக்கி, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரத்தை ஓட்டிய அதே ஷாஃப்ட்டுகள் பின்சக்கரத்தை ஓட்டும். சுற்றிலும் பைப்பால் ஃபிரேம், மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஒரே ஒரு சீட். அதுதான் ஃபார்முலா மாருதி. கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட் இல்லை. காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சின், எடை குறைந்ததும் வேறு ஆளாகிவிடுகிறது.

இது குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் வரலாற்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். இங்கிலாந்தில் சர்பிட்டன் என்ற ஊரில் ஒரு சாதாரண கராஜ் வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் 1946-இல் இரண்டு பழைய ஃபியட் டோப்போலினோக்களின் முன்பக்கங்களை வெட்டி எதிரெதிராக ஒட்டவைத்து, மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு ரேஸ் கார் செய்தார்கள். செயின் ஓட்டத்துக்கு அதுதான் வசதி என்பதுதான் காரணம். அந்த வழியிலேயே போன கூப்பர் கார்தான் 1959, 1960 இரண்டு வருஷமும் ஜாக் பிராபமுக்கு உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு எஞ்சினை முன்னால் வைத்து யாரும் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை.

சாதாரணக் காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் பிறக்கும் என்பதற்கு என் சொந்த வேலையிலேயே சாட்சி இருக்கிறது. சென்னையில் 1961-இலிருந்து செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனக்குப் பிடித்த வண்டி. 948 சிசி. பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும். டயர் மேலே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். மற்ற கம்பெனிகளெல்லாம் உடம்பும் சேஸிஸும் ஒன்றாகச் செய்ய ஆரம்பித்த காலத்தில் இது தனி சேஸிஸோடு வந்தது. காரணம் தொழில்நுட்பமே இல்லை. இங்கிலாந்தில் இதை உருவாக்கிய ட்ரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தச் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். உலகமெல்லாம் ஆசையாக வைத்துக் காப்பாற்றுகிற அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், நம் ஊர் வாத்தியார்களும் டாக்டர்களும் ஓட்டிய ஹெரால்டின் கூடப்பிறந்தது. லோட்டஸ் எலான் என்ற இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டும் ட்ரையம்ஃப் வழி வந்ததுதான்.

அந்தத் தண்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் தப்பாகச் செய்கிறார்கள். அதன் கீழ்முனை மரையோடு பித்தளை மாதிரி ஒரு கூட்டுக்குள் திரும்பும். ட்ரனியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பழைய ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மினி லாரியில் ஒரு பைப் ஃபிரேமைக் கொண்டுவந்து இறக்கினார். ஃபார்முலா மாருதி. எஞ்சின் தனியாக, ஃபைபர் பாடி உடைந்து சாக்கில்.

“அண்ணே, பெயின்ட் அடிச்சு ஓடவிட்டாப் போதும்ணே,” என்றார்.

“தம்பி, இது நேரா நிக்குதான்னு மொதல்ல பாப்போம். பெயின்ட் எங்க போயிரும்?”

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். சமமான தரை வேண்டும், ரசமட்டம் வேண்டும், கொத்தனாரின் தூக்குக்குண்டு வேண்டும், சாக்பீஸ் வேண்டும், டேப் வேண்டும். நான்கு ஸ்டாண்டில் ஃபிரேமை உட்காரவைத்து ரசமட்டத்தால் சரிசெய்வோம். பிறகு சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் மாட்டுகிற ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, அதன் முனை தொடுகிற இடத்தில் தரையில் புள்ளி வைப்போம். அவசரப்படுகிற பையன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. குண்டு லேசாக ஆடினாலும் புள்ளி தப்பும். எல்லாப் புள்ளியும் வைத்த பிறகு ஃபிரேமைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். இப்போது கார் தரையில் இருக்கிறது, வெறும் புள்ளிகளாக. நடுக்கோட்டை நூல் போட்டு அடித்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் சதுரம்.

எங்களுக்கு ஒன்றாக இல்லை. வலது முன்மூலை உள்ளே போயிருந்தது. உற்றுப் பார்த்ததில் எப்போதோ இடித்து, அந்த மூலையில் புதுப் பைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பழைய ஒட்டுகள் மெல்லிசாக, மீன் செதிள் போல வரிசையாக இருந்தன. இது தடித்த ஆர்க் வெல்டிங். போதாக்குறைக்குக் கை நுழைய இடம் வேண்டுமென்று ஒரு மூலைவிட்டப் பைப்பை அறுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த மூலைவிட்டம்தான் எனக்குப் பாடம். நான்கு பைப்பால் செய்த சட்டம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சாய்கிற பக்கம் சாயும். குறுக்கே ஒரு மெல்லிய பைப் போட்டுவிட்டால் அது இரண்டு முக்கோணமாகிவிடும். பிறகு ஒன்று பைப் நீள வேண்டும் அல்லது நசுங்க வேண்டும், சும்மா சாய முடியாது. அந்த ஃபிரேமில் சக்கரத்திலிருந்து வருகிற பாரம் எங்கே எல்லாம் ஏறுகிறதோ, அங்கே எல்லாம் பைப்புகள் வந்து கூடியிருந்தன. ஒரு பாரமும் பைப்பின் நடுவயிற்றில் போய் இடிக்கவில்லை. ஒரு பைப் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. பழுது பார்த்தே பழகிய எனக்கு, கட்டுகிறவனின் புத்தி எப்படி ஓடும் என்பதை அந்த ஃபிரேம் காட்டியது. புத்தகத்தில் படித்திருந்தால் இந்த அளவுக்கு உறைத்திருக்காது.

சரிசெய்தோம். ஒரு மூட்டை முழுசாக ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. சூட்டில் பைப் இழுத்துக்கொள்ளும். எல்லா மூட்டிலும் முதலில் பொட்டு வைத்து, அளந்து, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்ட வேண்டும். இதற்கு டேப்பைக் கீழே வைக்கவே முடியாது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பது கரியின் இன்னொரு கொடை. எஞ்சின் ஒன்று, ஃபிரேம் ஒன்று என்றால் வித்தியாசம் ஓட்டுகிறவர் கையிலும், இரவெல்லாம் விழித்துச் செட் செய்த மெக்கானிக் கையிலும்தான் இருக்கும். அப்பாவின் பணம் காரின் வேகத்தில் தெரியாது. சோழவரத்துக்குப் பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபோது ஓடுவதற்கு இந்தக் கார்கள் தயாராக இருந்தன. நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ் அங்கே, ஃபார்முலா மாருதியில்தான். முதல் ரேஸிலேயே மேடை ஏறினார். அந்தக் கோவைப் பையன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியராக ஆனதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் ரேஸ் ஓட்டிய முதல் கார் ஒரு தமிழ்நாட்டுப் பட்டறையில் பிறந்த யோசனை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் தடத்துக்குக் கரி பெயரை வைத்தார்கள். இன்றைக்கு அங்கே ஓடுகிற எல்ஜிபி ஃபார்முலா கார்களிலும் மாருதி எஞ்சினே ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. தடத்துக்குப் பெயர் வைத்ததைவிட இது பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது.

ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிற ஆளுக்கு லண்டனிலிருந்து புத்தகம் வரும், ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவு இருக்கும். நம் ஊரில் பிறந்த ஃபார்முலா மாருதிக்கு அப்படி ஒன்று என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தத் திண்டுக்கல் ஃபிரேமைப் பிளைவுட்டில் முழு அளவுக்கு வரைந்து பட்டறையில் வைத்திருக்கிறேன். இடது பக்கத்தைப் பார்த்துத்தான் வலது முன்மூலையைக் கட்டினோம். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுதானா என்று உறுதி செய்ய, இடிபடாத இன்னொரு ஃபிரேம் வேண்டும். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மில் கொட்டகையிலோ மாட்டுத் தொழுவத்திலோ அது கிடக்கும். வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் காளவாசலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் வேண்டாம், பாடி வேண்டாம், முன்பாதி இருந்தாலே போதும். காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் அளவு எடுத்துத் திருப்பி ஏற்றிவிடுவோம். கூலி எதுவும் கிடையாது.