சயான் கோட்டையில் பன்னிரண்டு படங்கள்

மாட்டுங்காவிலிருந்து சயானுக்கு மத்திய ரயில்வேயில் ஒரே நிலையந்தான். அங்கே இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் மரங்களுக்கிடையே ஒரு குன்று தெரியும். அதன் உச்சியில் இருப்பதுதான் சயான் கோட்டை. பம்பாயில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜெரார்ட் ஆஞ்சியர் காலத்தில், 1669க்கும் 1677க்கும் இடையில் எழுப்பப்பட்டது. ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்த்துகீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவுக்கும் இதுவே எல்லை. இத்தனை அருகிலிருந்தும் நம்மவரில் பலர் இதில் ஏறிப் பார்த்ததில்லை. பல ஆண்டுகளாக இவ்வழியே தினமும் வேலைக்குப் போய்வரும் நானும், சென்ற மே மாதம் வரை ஏறியதில்லை.

ஏறவைத்தவர்கள் நம் சங்கத்துக் குழந்தைகள். கோடை வகுப்பில் சிறுவர் சிறுமியர் பன்னிருவருக்குப் புகைப்படக் கலை கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கைபேசிகளையெல்லாம் ஒரு கூடையில் போடச் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிட்டது. முதல் நாள் காமிராவை நான் காட்டவேயில்லை. வகுப்பறை ஜன்னல்களைக் கறுப்புக் காகிதத்தால் அடைத்து, வெயில் காயும் தெருவை நோக்கிய காகிதத்தில் பென்சில் கனத்துக்கு ஒரே ஒரு துளையிட்டேன். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு எதிர்ச் சுவரில் தெரு முழுவதும் தலைகீழாகத் தொங்கிற்று. மாம்பழ வண்டிக்காரர் ஒருவர் கூரையில் கால்பதித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். குழந்தைகள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைப் பாட்டு வகுப்பு நின்றே போயிற்று. ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலே உள்ளது கீழும் கீழே உள்ளது மேலுமாக விழுகிறது என்பதை அதற்குப்பின் விளக்குவது எளிதாயிருந்தது. காமிரா என்பது இந்த அறையின் சிறிய வடிவமேயன்றி வேறில்லை.

என்னிடம் இருப்பது என் தந்தையார் விட்டுச்சென்ற ஆக்பா கிளிக் III என்னும் பெட்டிக் காமிரா. பரோடாவில் செய்யப்பட்டது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். அவர் காலத்தில் இதற்கு 'இந்து' பிலிம் போடுவார். 1960இல் நம் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது அது. அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டுச் சுருளை நல்ல விலை கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே ஒரு சுருள்தான் வாங்கினேன். ஆளுக்கு ஒரு படம். தவறினால் மறு படம் கிடையாது.

காலை ஏழு மணிக்குக் கோட்டை மேல் நின்றோம். மதில்கள் பல இடங்களில் இடிந்து, வேர்கள் கல்லைப் பிளந்திருக்கின்றன. கிழக்கே உப்பளங்களும் கழிமுகமும். மேற்கே ரயில் பாதைகளுக்கு அப்பால் தாராவியின் கூரைகள். சூரியன் முதுகுப்புறம் இருக்கட்டும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியும், நால்வர் உப்பளத்தின் பளபளப்பில் மயங்கிக் கதிரவனுக்கு எதிரே காமிராவை நீட்டினர். நான் தடுக்கவில்லை. சொல்லிக் கேளாததைப் பிலிம் கற்பிக்கும்.

ஏழாவதாக நின்றவள் பதினொரு வயதுப் பெண். தாராவியில் பிறந்தவள், பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அவள் கூரைக்கடலை நோக்கிக் காமிராவைத் திருப்பினாள். "அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியாது, அம்மா. பக்கத்தில் உள்ளதாகப் பார்த்து எடு" என்றேன்.

"எங்கள் வீட்டை எடுக்கணும், ஸார். சந்தில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடிக்கிறது. இந்தக் காமிராவுக்குத்தான் பத்தடி தூரம் வேண்டுமே! போனில் எடுத்ததெல்லாம் போன் உடைந்தபோது போய்விட்டது."

2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் தாராவி வீடுகளுக்கு எண் எழுதினார்கள். அவர்கள் வீட்டுக் கதவிலும் ஓர் எண் இருக்கிறதாம். என்றைக்கு இடிப்பார்கள், எங்கே வீடு தருவார்கள் என்பது அவள் வீட்டில் அன்றாடப் பேச்சு. நான் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, அவளோ காமிராவின் குறையைக் கணக்கிட்டு, தன் வீட்டுக்கு ஏற்ற இடம் இந்தக் குன்றே என்று கண்டுபிடித்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிருவரும் எடுத்து முடிந்து சுருளைத் திருகியபோது, பின்புறச் சிவப்புக் கண்ணாடியில் 12 என்ற எண் வந்து நின்றது. அப்படியானால் எடுத்தவை பதினொன்றே. யாரோ ஒருவர் திருகாமலே விசையை அழுத்தியிருக்கிறார். ஒரு சதுரத்தில் இரு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. யார் என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. மீதமுள்ள ஒன்றை யாருக்குக் கொடுப்பது? சீட்டுக் குலுக்கலாம் என்றனர் சிலர். என்னையே எடுக்கச் சொன்னான் ஒருவன். அதற்குள் எட்டாவதாக எடுத்த பொடியன் அழத்தொடங்கிவிட்டான். தன் தோழன் முகத்தைப் படமெடுக்கும் அவசரத்தில் திருக மறந்தவன் அவன்தான். கெட்டது அப்பெண்ணின் படம். கடைசிச் சதுரத்தை அவளுக்குக் கொடுக்கும்படி அவனே சொன்னான். அவள் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்று, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினாள்.

பத்து நாளில் படங்கள் வந்தன. உப்பளப் படங்கள் நான்கும் வெளுத்துப்போயிருந்தன. மற்றவை பழுதில்லை, கல்மதிலில் அமர்ந்த காகம் ஒன்று மிக நன்று. அவள் படத்தில் கூரைகள் அரிசி மணிகளைப்போலச் சிறுத்திருந்தன. நெடுநேரம் உற்றுப்பார்த்து, ஒரு மணியின்மேல் மசியால் புள்ளி வைத்தாள். படத்தின் பின்புறத்தில் கதவிலுள்ள எண்ணை எழுதினாள்.

இரட்டைப் படத்தில் தோழனின் நெற்றியிலும் கன்னத்திலும் தாராவி படர்ந்திருந்தது. அதைத் தனக்குத் தரவேண்டும் என்றான் பொடியன். பாதி தன்னுடையது என்றாள் அவள். இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தேன்.