சாலமாண்டருக்கு என்ன மண் போடலாம்?



அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா பேரனுக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு ஒரு புலி சாலமாண்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "சின்னப் பாட்டி, கடையில் மண் பை விலை ஜாஸ்தி. தோட்டத்து மண்ணைப் போட்டால் செத்துப்போகுமா?" என்று கேட்டான். உங்கள் பிள்ளைகளும் ஏதாவது வளர்ப்பதால், பதிலை எல்லோருக்கும் எழுதுகிறேன்.

சாலமாண்டர் பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் சொந்தம். செதில் கிடையாது. தண்ணீரைத் தோல் வழியாகவே உறிஞ்சும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழிதான். ஆகவே அடியில் போடும் மண்ணில் இருப்பது உடம்புக்குள் போகும். விலையை அப்புறம் பார்க்கலாம்.

தோட்டத்து மண் வேண்டாம். இங்கே காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமல் போர்டோ கலவை அடிக்கிறோம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும். அந்தத் தாமிரம் மண்ணில் தங்கும். ஈரத்தோல் பிராணிகளுக்கு ஆகாது. அங்கே புல்தரைக்குப் போடும் உரமும் களைக்கொல்லியும் அப்படித்தான். பொடிக்கல்லும் வேண்டாம்; இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும். பைன், தேவதாரு மரச்சீவலின் எண்ணெய் தோலை எரிக்கும்.

மலிவாகவும் நல்லதாகவும் உள்ளது நம்மூர்ச் சரக்குதான்: தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். செடி விற்கும் கடையில் வாங்கினால், பிராணிக் கடையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து விடுங்கள். பல ஊர்களில் குளோரமின் கலப்பதால் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் மட்டும் போகாது.

ஈரம் எவ்வளவு? புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. புலி சாலமாண்டர் வளை தோண்டுவது. நாலைந்து அங்குல ஆழம் வேண்டும். வெறும் நார்த்தூளில் வளை சரியும். உரமில்லாத மேல்மண் கொஞ்சம் கலந்தால் நிற்கும். புதிதாக வந்ததற்கும் நோயுற்றதற்கும் நனைத்த வெள்ளைக் காகிதத் துண்டே போதும்; அழுக்கானதும் மாற்றிவிடலாம்.

பழைய மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதே என்றும் சொன்னேன். நெதர்லாந்துக் காட்டில் சாலமாண்டர்களைக் கூட்டமாகக் கொன்ற ஒரு பூஞ்சையை 2013இல் கண்டுபிடித்தார்கள். அது ஈரமண்ணிலும் பரவும். அதற்குப் பயந்தே 2016இல் அமெரிக்கா பல வகைச் சாலமாண்டர்களின் இறக்குமதியை நிறுத்தியது. பையில் கட்டிக் குப்பையில் போடுவதே நல்லது.

இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் மலையில் சாலமாண்டர் இல்லை. டார்ஜிலிங் பக்கம் உண்டு, அதைப் பிடிப்பது குற்றம். ஆனால் 1863இல் பெடோம் விவரித்த கேடயவால் பாம்பு சேர்வராயன் மலைக்கே உரியது. விஷமில்லாதது, மண்ணுக்குள் வாழ்வது. அதற்கு வேண்டிய மண்ணை நாம் வாங்கித்தர வேண்டியதில்லை. மரத்தடிச் சருகைக் கொளுத்தாமல் விட்டாலே போதும்.

நார்த்தூள் தொழிலில் இருக்கும் மாணவர்கள், உப்பு நீக்கும் முறையைக் கீழே விவரமாக எழுதுங்கள். பேரனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.