பல்லை மட்டும் பார்க்காதே

தங்கச்சியின் மகளுக்குப் பேராதனையில் பல் மருத்துவ பீடம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்த அன்று வீட்டில் மகிழ்ச்சியை விட மௌனமே கூடுதலாக இருந்தது. இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து மருத்துவ பீடம் தவறிவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், “பரவாயில்ல, இதுவும் டொக்டர்தானே” என்று ஆறுதல் சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளையை அழ வைத்தது அந்தப் ‘பரவாயில்ல’தான்.

நான் பல் வைத்தியனாகி 25 வருடங்களாகின்றன. என்னையும் இதே ‘பரவாயில்ல’யைச் சொல்லித்தான் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மஃரிபுக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, “மாமா, அங்க போய் நான் எப்படி இருக்கணும்? சொல்லித் தாங்க” என்றாள். அன்று அவளிடம் சொன்னவற்றையும், சொல்ல வந்து தொண்டையில் நின்றுபோன ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ என்றேன். இந்த நாட்டில் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் பேராதனைக்கு வந்தது. இப்போது ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் இருக்கிறது. ஆரம்பத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம் எல்லாம் படிக்கத்தான் வேண்டும். பல்லுக்குப் பின்னால் முழு மனித உடலும் இருக்கிறது. கிடைக்காத பீடத்தை நினைத்துக்கொண்டு முதலாம் வருடத்தைக் கழித்தவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை, இதுவும் ஒழுங்காகக் கைவரவில்லை.

அடுத்தது மொழி. தமிழில் உயர்தரம் எழுதிய நமக்கு ஆங்கில விரிவுரை முதல் சில மாதங்கள் இரைச்சலாகத்தான் கேட்கும். அதற்காகப் பின்வாங்கில் ஒளிந்துகொள்ளாதே. சிங்களமும் படித்துக்கொள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்ல ‘கட்ட அரின்ன’, நோகிறதா என்று கேட்க ‘ரிதெனவாத?’. என் முதல் சிங்களப் பாடம் இந்த இரண்டும்தான். இரண்டாவதைக் கேட்கத் தெரிந்த வைத்தியரை நோயாளி மறக்கமாட்டார்.

பிறகு கை. மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள். முதலில் செதுக்கியது பல்லுப் போலவே இருக்காது. என்னுடையதைக் கூட்டாளிமார் இஞ்சித் துண்டு என்றார்கள். பொம்மைத் தலையில் துளைக்கப் பழகும்போது கண்ணாடியைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். மேல்வாயின் பின்பற்கள் கண்ணாடியில்தான் தெரியும். கண்ணாடிக்குள் முன் பின்னாகத் தெரிவதற்குக் கை பணிய நாட்கள் எடுக்கும். அறையில் இருக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் காகிதத்தில் கோடு கீறிப் பழகு. நோயாளியின் வாய்க்குள் குனிந்து குனிந்து என் கழுத்து இன்று படும் பாட்டை நீ படாதே. கதிரையைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்கு.

பகிடிவதை பற்றித் தங்கச்சி பயந்துபோயிருந்தாள். அதைத் தடைசெய்ய 1998இல் சட்டம் வந்தது. சட்டம் இருந்தாலும் வாய் திறந்து சொன்னால்தான் அது வேலை செய்யும். ‘சீனியர்’ உதவியும் செய்வார், உபத்திரவமும் செய்வார். உதவியை ஏற்றுக்கொள், மற்றதை மறைக்காமல் வீட்டுக்கும் விரிவுரையாளருக்கும் சொல் என்றேன்.

இன்னுமொன்றும் சொன்னேன். நம்மூர்ப் பெண்கள் பலர் ஆண் வைத்தியரிடம் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டே வருடக் கணக்கில் வலியைப் பொறுத்திருக்கிறார்கள். நாளை அவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். அது ‘பரவாயில்ல’ என்று சொல்லக்கூடிய வேலையல்ல.

இவ்வளவும் சொன்னேன். மூத்தம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் மூன்றாம் வருடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். மூத்தம்மா வெற்றிலை வட்டாவோடு திண்ணையில் இருந்தார். “மனே, கறி தின்னேலா, வாயெல்லாம் எரியுது. நீ பல்லு டொக்டர்தானே, ஒருக்காப் பாரு” என்றார். பார்த்தேன். வாய் முன்பு போலத் திறபடவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கறை படிந்த பற்களையும் ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லையும் பார்த்துவிட்டு, “வயசாகுதுதானே மூத்தம்மா, நல்லாத் துலக்குங்க. அடுத்த லீவுக்கு வந்து அந்தப் பல்லக் கழட்டுவம்” என்றேன். கன்னத்தின் உட்புறத்தை நான் விலக்கிப் பார்க்கவில்லை. நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. பாக்கு மெல்லுவதால் வாயின் உட்தோல் இறுகிப்போகும் நோயின் அறிகுறிகளை எழுதச் சொன்னார்கள். உறைப்புப் பட்டால் எரிவு, வெளிறிய கன்னம், குறைந்துவரும் வாய்த்திறப்பு, பின்னர் புற்றாக மாறும் ஆபத்து. ஒரு பக்கம் நிறைய எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. எழுதும்போது மூத்தம்மாவின் முகம் ஒரு தடவையேனும் எனக்கு நினைவு வரவில்லை.

அடுத்த விடுமுறையில் வந்தபோது அவரது கன்னத்தின் உள்ளே விளிம்பு தடித்த புண், கழுத்தில் கட்டி. சத்திரசிகிச்சை செய்தார்கள். எட்டு மாதத்தில் மௌத்தாகிவிட்டார். வார்டில் இருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்களிடமெல்லாம், “என்ட பேரனும் பல்லு டொக்டருக்குத்தான் படிக்கான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. தங்கச்சிக்கும் இதை வாசித்தால்தான் தெரியும்.

இந்த நாட்டு ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் திட்டவட்டமாகக் கூறியது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் ஓர் உயிரைக் காப்பாற்ற வழியுண்டு. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வெளிச்சமும், ஒரு சின்னக் கண்ணாடியும், பார்க்கும் மனமும் போதும்.

மருமகள் பயணமாவதற்கு முதல்நாள் காலையில் என் உம்மாவை ஜன்னலோரம் கதிரையில் இருத்தினேன். உம்மாவும் வெற்றிலைக்காரிதான். பிள்ளையைக் கூப்பிட்டு, கையுறை போடப் பழக்கி, பார்க்கும் ஒழுங்கைக் காட்டினேன். உதடு, இரு கன்னங்களின் உட்புறம், முரசு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி, மேலண்ணம். “பல்லை எப்ப மாமா பார்க்கிற?” என்றாள். “கடைசியில” என்றேன். அப்போதுதான் மூத்தம்மாவின் கதையையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பவும் முதலிலிருந்து, உதட்டிலிருந்து, பார்க்கத் தொடங்கினாள்.

உம்மாவின் வாயில் பயப்பட ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வெற்றிலை வட்டாவை மூடி வைக்க மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்து திரும்பவும் பார்ப்பேன் என்று பேத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.