வீசைக் கணக்கு

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு, மலிவாகப் பொருள் கிடைக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஓர் இயல்பான கலை. ஊர் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. நாங்கள் அக்கலையில் தேர்ச்சி பெற்ற இடத்தை எவரும் எளிதில் ஊகிக்க இயலாது. மணிப்பூரின் எல்லையூராகிய மோரேயை ஒட்டி, மியான்மர் மண்ணில் உள்ள நம்பலாங் சந்தையே அது.

இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்தால் மோரே. பணிமாற்றத்தால் 2015 முதல் 2018 வரை நாங்கள் அங்கு வாழ்ந்தோம். தமிழ் பேச ஆளின்றித் தவிக்கப் போகிறோம் என்று எண்ணியே சென்றோம். மறுநாள் காலை எங்களை எழுப்பியது அங்காள பரமேசுவரி கோயில் மணி! 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. வாழ்விழந்து கப்பலேறித் தாயகம் திரும்பியவர்களுள் சிலர், பழகிய மண்ணை மறக்கமாட்டாமல், நிலவழியே மீண்டும் பர்மாவுக்குள் செல்ல முயன்றனர். வழி அடைபடவே, எல்லையிலேயே தங்கிவிட்டனர். மோரேத் தமிழர் வரலாறு அதுதான்.

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டியும் அவ்வாறு வந்தவரே. பர்மாவில் பிறந்து, பதினாறு வயதுவரை அங்கே வளர்ந்தவர். எங்கள் பிள்ளைகளைப் போலவே நாங்களும் அவரைப் பாட்டி என்றே அழைத்தோம்.

முதன்முதலில் எங்களைச் சந்தைக்கு அழைத்துச் சென்றவர் அவர்தாம். அடையாள அட்டையைக் காட்டி, வாயிலைக் கடந்து, சிறிது தூரம் நடந்தால் வேறொரு நாடு; கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். நெகிழிச் சாமான்கள், கம்பளிகள், குடைகள் ஒருபுறம். பூண்டு, புளி, கருவாடு, ஊறவைத்த தேயிலை, பனைவெல்லம் மறுபுறம். நமது ரூபாயையும் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

பனைவெல்லம் 130 ரூபாய் என்றதும் நாங்கள் திடுக்கிட்டுத் திரும்பினோம். பாட்டி சிரித்தார். "கிலோவுக்குன்னு நினைச்சீங்களா தம்பி? வீசைக்கு!" என்றார்.

வீசை! எங்கள் பாட்டனார் காலத்துக்குப் பிறகு நாங்கள் கேட்டிராத சொல். நாற்பது பலம் கொண்ட நம் பழைய வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, இந்தியாவில் மெட்ரிக் அளவை வந்தபின் அது மறைந்துபோயிற்று. பர்மிய எடைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் நம் வீசையிலிருந்து பிறந்ததே. ஆனால் பர்மிய வீசை 1.63 கிலோ. கணக்கிட்டுப் பார்த்தால் கிலோ 80 ரூபாய்கூட ஆகவில்லை. அன்றுமுதல் எங்கள் சட்டைப் பையில் ஒரு சிறு கணக்குத்தாள் இடம்பெற்றது. பேரம் பேசவும் பழகினோம். பர்மிய மொழியில் 'ஸே' என்றால் சந்தை. விலையைக் குறிக்கவும் அச்சொல்லே வரும். 'பெலௌலே' என்றால் எவ்வளவு. இவ்விரண்டு சொற்களைக் கொண்டே மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததாகப் பெருமை கொண்டோம்.

பாட்டியின் பேரம் மட்டும் எங்களுக்கு விளங்கவேயில்லை. வெல்லம் விற்கும் ஒரு மூதாட்டியிடம் அரைமணி நேரம் பேசுவார். விலை அதிகம் என்பார். எழுந்து போவதுபோல் போய்த் திரும்பி வருவார். இருவரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். இறுதியில் அவள் முதலில் கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வருவார். வயதானவர் ஏமாறுகிறாரே என்று நாங்கள் வருந்தினோம்.

ஒரு நாள் மாலை, வாயில் அடைக்கும் நேரம் நெருங்கியது. பாட்டி பேரத்தைத் தொடங்கியதும் நாங்கள் குறுக்கிட்டோம். இரண்டே நிமிடத்தில் 110 ரூபாய்க்கு முடித்து, வெல்லத்தை வாங்கி அவர் பையில் போட்டோம். இருபது ரூபாய் ஆதாயம்! பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வழிநெடுகவும் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னார்:

"மிச்சம் பிடிச்சுக் கொடுத்தீங்க, சரி தம்பி. நான் வெல்லத்துக்கா போனேன்? போன வாரத்து வெல்லமே பானையில இருக்கு. சின்ன வயசுல வீட்டுக்குள்ள தமிழு, வாசல்ல இறங்கினா பர்மா பாஷை. இங்க நம்மாளுங்களுக்கும் அது தெரியும்; ஆனா நமக்குள்ள பேசினா தமிழ்தானே வருது? அந்த மண்ணுக்காரி வாயால கேக்கணும்னுதான் போறேன். சும்மா போய் நின்னா யார் பேசுவா? பேரம்னா பேசித்தானே ஆகணும்."

எங்கள் கணக்குத்தாளில் இதற்கு இடமில்லை. இருபது ரூபாயை மிச்சப்படுத்தி, ஒரு வாரம் முழுவதும் அவர் காத்திருந்த அரைமணி நேரத்தைப் பறித்துவிட்டோம். அடுத்த வாரம் அவரைச் சந்தையில் விட்டுவிட்டு, வேண்டுமென்றே குடைக் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

2018இல் மாற்றலாகி மோரேயை விட்டு வந்தோம். 2020 மார்ச்சில் தொற்றுநோயின் காரணமாக எல்லை வாயில் அடைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. பாட்டி இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். தமிழகத்தில்தான் இருக்கிறார், ஆயினும் ஊரை விட்டு வந்தவராகவே இருக்கிறார்.

ஞாயிறுதோறும் வாரச்சந்தைக்குச் சென்று வந்தபின் அவருக்குத் தொலைபேசியில் பேசுவது எங்கள் வழக்கம். வெல்லமோ வெங்காயமோ வாங்கியதைச் சொன்னால், "பெலௌலே?" என்பார். விலையைச் சொல்வோம். "ஸே ஜீடே!" என்பார், விலை அதிகம் என்று பொருள். எங்களுக்குத் தெரிந்த நாலைந்து சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு விலையைக் குறைப்போம். அவர் மறுப்பார். மீண்டும் குறைப்போம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிப்பார்.

இப்போதெல்லாம் அந்தப் பேரத்தை நாங்கள் விரைவில் முடிப்பதில்லை.